“டபுள் கிளிக் பண்ணேன் அண்ணா, ஒண்ணும் வரல”: லாஜிசிம் திறக்கவும் மூடவும்

இரவு ஒன்பதரைக்கு மேல் என் போன் அடித்தால் ஒன்று ஊரிலிருந்து அம்மாவாக இருக்கும், இல்லையென்றால் மறுநாள் டிஜிட்டல் லேப் உள்ள இரண்டாம் ஆண்டுப் பிள்ளையாக இருக்கும்.

“அண்ணா, லாஜிசிம் ஓப்பன் ஆகல.”

“என்னம்மா வருது?”

“ஒண்ணுமே வரலண்ணா. டபுள் கிளிக் பண்றேன், சும்மா சுத்திட்டு நின்னுடுது.”

ஒரு பொறியியல் கல்லூரியில் 19 வருடமாக லேப் அசிஸ்டன்ட் வேலை பார்க்கிறேன். 36 கணினிகள் என் பொறுப்பு. பாதியில் விண்டோஸ், பாதியில் உபுண்டு, துறைத் தலைவர் மேசையில் ஒரு மேக். மூன்றிலும் ஓட வேண்டியது லாஜிசிம் என்ற ஒரே ஜாவா நிரல்தான். ‘ஒருமுறை எழுது, எங்கும் ஓட்டு’ என்று ஜாவாவை 1990களில் விற்றார்கள். எழுதியவர்களுக்கு அது சரி. ஓட்டுகிற எனக்கு ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு மாமியார் வீடு.

போனில் நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். கட்டளைகளையும் போனில் சொல்வது மாதிரியேதான் சொல்லப் போகிறேன்: “ஜாவா, இடம், ஹைஃபன் ஜார், இடம், கோப்பின் பெயர்.” நீங்கள் அதை ஆங்கிலத்தில், எல்லாம் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். ‘இடம்’ என்றால் ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு. சொற்களுக்கு நடுவே நான் காற்புள்ளி மட்டும் வைத்திருந்தாலும் அங்கே அடிக்க வேண்டியது ஒரு இடம்தான், காற்புள்ளி இல்லை. ஹைஃபனுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடம் கிடையாது. பாதிப் பேர் தவறு செய்வது அங்கேதான்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த லாஜிசிம்?

லாஜிசிம் என்பது ஆண்ட், ஆர், ஃபிளிப் ஃபிளாப் மாதிரி டிஜிட்டல் சர்க்யூட் உறுப்புகள் எல்லாவற்றையும் திரையில் வரைந்து, கம்பி இழுத்து, ஓடவிட்டுப் பார்க்கிற நிரல். பிரெட்போர்டில் 7408 ஐசியைத் தலைகீழாகச் செருகிச் சூடாக்குவதற்கு முன்னால் இதில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹென்ட்ரிக்ஸ் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கார்ல் பர்ச் உருவாக்கியது. அவருடைய கடைசிப் பதிப்பு 2.7.1, 2011இல் வந்தது. 2014இல் இனிமேல் இதைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அதன் பிறகு வேறு சிலர் அதே மூலநிரலை எடுத்து வளர்த்ததுதான் லாஜிசிம் எவல்யூஷன்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முதல் வில்லங்கம். ஜாவாவில் எழுதிய நிரல் ஓட வேண்டுமென்றால் கணினியிலும் ஜாவா போட்டிருக்க வேண்டும். 2.7.1க்கு ஜாவா 5 இருந்தாலே போதும் என்பார்கள். பழைய ஜாவா 8இல் அருமையாக ஓடும். எவல்யூஷனின் 3.9 பதிப்பின் ஜார் கோப்புக்கோ (ஜாவா நிரலை மூட்டையாகக் கட்டிய ஒற்றைக் கோப்பு) ஜாவா 21 வேண்டும். சீனியர் கொடுத்த பென் டிரைவில் இருப்பது ஒன்று, யூடியூபில் பார்த்து இறக்கியது ஒன்று, வீட்டுக் கணினியில் இருக்கும் ஜாவா அண்ணன் படித்த காலத்தில் போட்டது. அப்புறம் எப்படித் திறக்கும்?

இன்னொன்றும் உண்டு. பழையதில் சேமித்த சர்க்யூட் புதியதில் திறக்கும். புதியதில் சேமித்ததைப் பழையதில் திறந்தால் தெரியாத உறுப்புகள் இருப்பதாக முரண்டு பிடிக்கலாம். அதனால் லேபில் எது இருக்கிறதோ அதையே வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ்

எவல்யூஷனை எம்எஸ்ஐ கோப்பாக இறக்கினால் அதற்குத் தேவையான ஜாவாவும் உள்ளேயே இருக்கும். தனியாக ஜாவா போட வேண்டாம். நிறுவும்போது ‘விண்டோஸ் உங்கள் பிசியைக் காப்பாற்றியது’ என்று நீலப் பெட்டி வந்தால், ‘மோர் இன்ஃபோ’வைத் தட்டி ‘ரன் எனிவே’ கொடுக்கலாம். திட்டத்தின் கிட்ஹப் பக்கத்திலிருந்து நீங்களே இறக்கியிருந்தால் மட்டும். யாரோ டெலிகிராமில் அனுப்பியதென்றால் அந்தப் பெட்டி சொல்வதைக் கேளுங்கள்.

ஜார் கோப்பாக வைத்திருப்பவர்களுக்குத்தான் இனி வருவது எல்லாம்.

டபுள் கிளிக் செய்ததும் வின்ரார் திறந்து உள்ளே நூறு கோப்பு தெரிகிறதா? பயப்பட வேண்டாம். ஜார் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான், வால் (பெயரில் புள்ளிக்குப் பின் வருவது) மட்டும் வேறு. வின்ரார் ‘இது என் ஆள்’ என்று பிடித்துக்கொண்டது. இதைச் சரிசெய்ய எல்லோரும் ஒரு குறுக்குவழி எடுப்பார்கள்: வலது கிளிக், ‘ஓப்பன் வித்’, ஜாவாவைத் தேடிக் காட்டுவது. அது வேலைக்கு ஆகாது. அப்படிக் காட்டினால் விண்டோஸ் கோப்பை மட்டும் ஜாவாவிடம் கொடுக்கும், ‘ஹைஃபன் ஜார்’ என்ற சொல்லைச் சேர்க்காது. ஜாவா அந்தக் கோப்புப் பெயரை ஒரு கிளாஸின் பெயர் என்று எடுத்துக்கொண்டு ‘மெயின் கிளாஸ் கிடைக்கவில்லை’ என்று கையை விரித்துவிடும்.

சரியான வழி ஜாவாவை ஒழுங்காக மறுபடி நிறுவுவது. நான் லேபில் போடுவது எக்லிப்ஸ் டெமுரின் என்ற ஜாவா. இலவசம், கல்லூரிக் கணினியில் போட உரிமத் தகராறு இல்லை. ஆரக்கிள் 2019இல் ஜாவா 8க்கான உரிம விதிகளை மாற்றிய பிறகு இதற்கு வந்துவிட்டேன். நிறுவும்போது நடுவில் ஒரு பட்டியல் வரும். அதில் பாத்தில் (கட்டளை அடித்ததும் கணினி நிரலைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்ப்பது, ஜார் கோப்புகளை இணைப்பது என்ற இரண்டும் தேர்வாகியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டுகிற கைக்கு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

அப்படியும் திறக்கவில்லையா? டபுள் கிளிக்கை விட்டுவிடுங்கள். டபுள் கிளிக் ஓட்டுவது ஜாவாடபிள்யூ என்ற அமைதியான ஆள். நிரல் கிளம்பிய பிறகு உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. கத்தல் கேட்க வேண்டுமென்றால் கறுப்புத் திரைதான்.

ஜார் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை அந்த ஃபோல்டரிலேயே திறக்கும். முதலில்: ஜாவா, இடம், ஹைஃபன் வெர்ஷன். என்ன எண் வருகிறது? 1.8 என்று தொடங்கினால் அது ஜாவா 8. பிறகு: ஜாவா, இடம், ஹைஃபன் ஜார், இடம், கோப்பின் பெயர். பெயர் முழுவதையும் அடிக்காதீர்கள். முதல் மூன்றெழுத்து அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளும் அதுவே போட்டுவிடும். ‘ஜார் கோப்பை அணுக முடியவில்லை’ என்று வந்தால் நீங்கள் வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள், அல்லது பெயர் பிழை. கோப்புகளின் வாலை விண்டோஸ் மறைத்து வைப்பதால், பெயர் மாற்றும்போது ‘ஜார்.ஜார்’ என்று இரண்டு வால் ஒட்டிக்கொண்ட கோப்பை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

இனி நான் போனில் எல்லோரையும் படிக்கச் சொல்லும் வரி. பெரிய கதை மாதிரி ஒரு பிழை வரும்: ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்’. அதில் இரண்டு எண்கள் மட்டும் பாருங்கள். “65.0ஆம், 52.0ஆம் அண்ணா” என்பாள். இரண்டிலிருந்தும் 44ஐக் கழிக்கச் சொல்வேன். 65இல் 44 போனால் 21. 52இல் போனால் 8. நிரல் கேட்பது ஜாவா 21, உன் கணினியில் இருப்பது ஜாவா 8. அவ்வளவுதான். 61 என்றால் 17, 55 என்றால் 11. இந்த ஒரு கழித்தல் கணக்கு தெரிந்தால் பாதி போன் எனக்கு வராது.

ஜாவா 21 போட்ட பிறகும் 52 என்றே வந்தால், கணினியில் இரண்டு ஜாவா குடியிருக்கிறது, பழையவர் முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ‘வேர், இடம், ஜாவா’ என்று அடித்தால் வரிசையாகக் காட்டும். முதலில் வருபவர்தான் பதில் சொல்கிறவர். வேறு எதற்கும் பழையது தேவையில்லை என்றால் கண்ட்ரோல் பேனலில் போய் நீக்கிவிடுங்கள்.

எல்லாம் சரியானதும் நோட்பேடில் அந்த ஒரே வரியை எழுதி, ஜார் இருக்கும் அதே ஃபோல்டரில் பேட் என்ற வாலோடு சேமித்துக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து அதை டபுள் கிளிக் செய்தால் போதும். கூடவே கறுப்புத் திரை ஒன்று நிற்கும்; அதை மூடாதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

உபுண்டு, அதன் சொந்தக்காரர்கள்

தமிழ்நாட்டில் பலருக்கு லினக்ஸ் முதலில் அறிமுகமானது 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில்தான். விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருக்கும். தவறி அதற்குள் போய்விட்டால் வெளியே வரத் தெரியாமல் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பயம் இல்லை.

உபுண்டுவில் எவல்யூஷனுக்கு டெப் கோப்பு இருக்கிறது, ஸ்னாப்பும் இருக்கிறது. ‘சூடோ, ஸ்னாப், இன்ஸ்டால், லாஜிசிம் ஹைஃபன் எவல்யூஷன்’ என்றால் வந்து உட்கார்ந்துவிடும். ஜார்தான் வேண்டுமென்றால் ஜாவா போட வேண்டும்: சூடோ, ஏபிடி, இன்ஸ்டால், ஓப்பன்ஜேடிகே ஹைஃபன் 21 ஹைஃபன் ஜேஆர்இ. அங்கேயே நிறுத்துங்கள். அதே பெயரோடு ‘ஹெட்லெஸ்’ என்று வால் நீண்ட இன்னொன்றும் பட்டியலில் இருக்கும். அது சர்வர்களுக்கானது, ஜன்னல் திறக்கத் தெரியாது. அளவு குறைவாக இருக்கிறதே என்று அதைப் போட்டுவிட்டு ‘ஹெட்லெஸ் எக்செப்ஷன்’ என்று வருகிறதே என்பார்கள். தலையில்லாததைக் கேட்டு வாங்கிவிட்டு முகம் காட்டச் சொன்னால் எப்படி?

இரண்டு மூன்று ஜாவா இருந்தால், ‘சூடோ, அப்டேட் ஹைஃபன் ஆல்டர்நேட்டிவ்ஸ், ஹைஃபன் ஹைஃபன் கான்ஃபிக், ஜாவா’ என்று கேட்டால் எண் போட்ட பட்டியல் வரும். வேண்டிய எண்ணை அடித்து என்டர். இந்த விஷயத்தில் விண்டோஸை விட லினக்ஸ் மரியாதையாக நடந்துகொள்கிறது.

டெர்மினலில் ஓட்டும் கட்டளை விண்டோஸில் சொன்ன அதே வரிதான். வீட்டில் பெரிய 4கே மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் தெரிந்தால், ஓட்டும் முன் ஜிடிகே (நடுவில் ‘டாக்’கின் டி) அண்டர்ஸ்கோர் ஸ்கேல் என்பதைப் பெரிய எழுத்தில் அடித்து, சமக்குறி, 2 என்று இடைவெளியில்லாமல் எழுதி, ஒரு இடம் விட்டு வழக்கமான கட்டளையைத் தொடருங்கள். இரண்டு மடங்காகும்.

மேக்

2.7.1க்கு மேக் பதிப்பு என்று ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் பழைய ஜாவா 6 வேண்டும் என்று கேட்கும். அதைத் தேடி அலையாதீர்கள். எவல்யூஷனின் டிஎம்ஜி கோப்பை எடுங்கள், ஜாவா உள்ளேயே வருகிறது. இன்டெல் சிப்புக்கும் ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புக்கும் தனித்தனிக் கோப்பு இருந்தால், இடது மூலை ஆப்பிள் குறியில் ‘அபவுட் திஸ் மேக்’ பார்த்து உங்களுடையதைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் முறை திறக்கும்போது ‘இதை உருவாக்கியவரைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று மேக் தடுக்கும். முன்பெல்லாம் கண்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்து ‘ஓப்பன்’ கொடுத்தால் விட்டுவிடும். செக்வோயா என்ற 15ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது ஒருமுறை திறக்க முயன்று தடுக்கப்பட்ட பிறகு, சிஸ்டம் செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ போய்க் கீழே உருட்டினால் ‘ஓப்பன் எனிவே’ என்று ஒரு பொத்தான் நிற்கும். அதைத் தட்டிக் கடவுச்சொல் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு முறைதான். எங்கள் துறைத் தலைவருக்கு இதை நான் சொல்லிக்கொடுத்தபோது, “இதுக்கு விண்டோஸே தேவலையேப்பா” என்றார். மேக் வாங்கியவர் அவர்தான்.

மூடுவது

திறக்கத் தெரியவில்லை என்று இரவில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். மூடத் தெரியவில்லை என்று இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. ஆனால் அழுதுகொண்டு என் மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் மூடியதில் மாட்டியவர்கள்தான்.

மூன்று விஷயம் தனித்தனியாக நிற்க வேண்டும்: சர்க்யூட்டுக்குள் ஓடும் கடிகாரம், திரையில் இருக்கும் ஜன்னல், பின்னால் மூச்சுவிடும் ஜாவா. சிவப்புப் பெருக்கல் குறியை ஒரு தட்டுத் தட்டினால் மூன்றும் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நிற்கவும் செய்யும். நிற்காத நாளில்தான் வம்பு.

கடிகாரம்: கண்ட்ரோலும் கேயும் சேர்த்துத் தட்டினால் கடிகாரம் ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். கண்ட்ரோலும் டியும் (‘டைகர்’ டி) ஒரே ஒரு துடிப்பு கொடுக்கும். நான்கு பிட் கவுண்டரைச் சோதிக்க இதுதான் சரி, ஒவ்வொரு அடியாகப் பார்க்கலாம். 2.7.1இல் கடிகாரத்தை நொடிக்கு 4,100 துடிப்பு வரை ஏற்றலாம். ஏற்றிவிட்டு ஜன்னலைச் சுருக்கி வைத்துவிட்டு ரெக்கார்டு நோட்டு எழுதப் போவார்கள். கணினியின் மின்விசிறி மாவு மெஷின் மாதிரி இரையும். மூடுவதற்கு முன்னால் முதலில் அந்தக் கடிகாரத்தை நிறுத்துங்கள். ‘ஆசிலேஷன் அப்பேரண்ட்’ என்று சிவப்பில் எழுதிச் சிமுலேஷன் தானாகவே நின்றிருந்தால் நிரல் கெட்டுவிட்டது என்று மூடாதீர்கள். உங்கள் சர்க்யூட்டில் ஒரு வெளியீடு தன் உள்ளீட்டையே சுற்றிச் சுற்றித் துரத்துகிறது. கம்பியைச் சரிசெய்து, கண்ட்ரோல் ஆர் தட்டி மீட்டமையுங்கள், சிமுலேஷனை மெனுவில் மறுபடி இயக்குங்கள்.

இனி அந்த அழுகைக் கதை. மாடல் பிராக்டிகலுக்கு முந்தைய நாள். ஒரு மாணவன் சின்னதாக ஒரு பிராசசர் வரைந்திருந்தான். நன்றாகவே வரைந்திருந்தான். அதற்கான நிரலை ராமில் (சர்க்யூட்டில் வரைந்த நினைவகத்தில்) ஒவ்வொரு எண்ணாக, பதினாறடிமான எண்ணில், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அடித்திருந்தான். ஓட்டிப் பார்த்தான், ஓடியது. கண்ட்ரோல் எஸ் தட்டிச் சேமித்தான். மூடினான். நிரல் ஒரு கேள்வியும் கேட்காமல் மூடிக்கொண்டது. காலையில் திறந்தால் சர்க்யூட் அப்படியே இருக்கிறது, ராம் முழுக்கப் பூஜ்யம்.

“அண்ணா, நான் சேவ் பண்ணேண்ணா. சத்தியமா பண்ணேன்.”

பண்ணியிருக்கிறான்தான். லாஜிசிம் சேமிப்பது படத்தை. அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது ராமிலும் ரிஜிஸ்டரிலும் என்ன இருந்தது என்பது அதற்குக் கணக்கில்லை. மின்சாரம் போனால் நிஜ ராம் எப்படி மறக்குமோ அப்படியே மறக்கும். ராமில் எண் அடிப்பதை அது ‘மாற்றம்’ என்றே எண்ணாது; அதனால்தான் மூடும்போது ‘சேமிக்காத மாற்றங்களை என்ன செய்ய’ என்ற பெட்டிகூட வரவில்லை. ரோமில் (படிக்க மட்டுமான நினைவகத்தில்) அடித்திருந்தால் சர்க்யூட்டோடு சேர்ந்து சேமிக்கப்பட்டிருக்கும். ராமில்தான் வேண்டுமென்றால் மூடுவதற்கு முன் ராம் மேல் வலது கிளிக் செய்து ‘சேவ் இமேஜ்’ கொடுத்துத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். திறந்ததும் ‘லோட் இமேஜ்’. அந்தப் பையனும் நானும் அன்று காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல நான் அடித்து முடித்தோம். அதிலிருந்து லேபின் வெள்ளைப் பலகை மூலையில் ‘ராம் மறக்கும்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். யாரும் அழிப்பதில்லை.

ஜன்னல்: ஃபைல் மெனுவில் ‘எக்சிட்’, அல்லது கண்ட்ரோல் க்யூ. இது திறந்திருக்கும் எல்லாச் சர்க்யூட்டையும் ஒவ்வொன்றாகக் கேட்டு மூடும். ‘சேவ்’, ‘டிஸ்கார்ட்’, ‘கேன்சல்’ என்று மூன்று பொத்தான் வரும். டிஸ்கார்ட் என்றால் தூக்கியெறி என்று அர்த்தம், அவசரத்தில் அதைத் தட்டாதீர்கள். சில சமயம் அந்தப் பெட்டி பெரிய ஜன்னலின் பின்னால் ஒளிந்துகொள்ளும். முன்னால் இருப்பதில் எதைத் தட்டினாலும் அசையாது. ‘ஹேங் ஆயிடுச்சு’ என்று பவர் பட்டனை அழுத்தப் போவதற்கு முன் ஆல்ட் டேப் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேக்கில் சிவப்புப் புள்ளியைத் தட்டினால் ஜன்னல்தான் போகும், நிரல் போகாமலும் இருக்கலாம். டாக்கில் அதன் படத்துக்குக் கீழே சின்னப் புள்ளி தெரிகிறதென்றால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார். கமாண்ட் க்யூ தட்டுங்கள்.

கறுப்புத் திரையிலிருந்து ஓட்டியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. விண்டோஸில் அந்தக் கறுப்புத் திரையை மூடினால் லாஜிசிமும் கூடவே போய்விடும், சேமிக்கவா என்று கேட்காது. இது தெரியாமல் ‘என்னடா இது குறுக்கே’ என்று மூடிவிட்டு இரண்டு மணி நேர வேலையைத் தொலைத்தவர்கள் உண்டு. லினக்ஸ் டெர்மினலில் கண்ட்ரோல் சி அடித்தாலும் அதே கதிதான், கேள்வி கேட்காமல் சாகும்.

அதை விட மோசம் கண்ட்ரோல் இசட். வரைபடத்தில் ஒரு தப்பைத் திருத்தக் கண்ட்ரோல் இசட் தட்ட நினைப்பார்கள், கவனம் டெர்மினலில் இருக்கும். லினக்ஸில் அது நிரலை அப்படியே உறைய வைத்துவிடும். சாகவும் இல்லை, ஓடவும் இல்லை. ஜன்னல் சாம்பல் பூத்து நிற்கும், பெருக்கல் குறியும் வேலை செய்யாது. கொஞ்ச நேரத்தில் ‘பதிலளிக்கவில்லை, கட்டாயமாக மூடவா’ என்று உபுண்டு கேட்கும். ‘ஆம்’ சொல்லிவிடாதீர்கள். டெர்மினலுக்குப் போய் எஃப்ஜி என்று இரண்டே எழுத்து அடித்து என்டர். உயிர் திரும்பும், வேலையும் பத்திரமாக இருக்கும். அப்புறம் சேமித்து ஒழுங்காக மூடுங்கள்.

நிஜமாகவே தொங்கிவிட்டால்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘லாஜிசிம்’ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். ஜார் கோப்பாக ஓட்டினால் ‘ஓப்பன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரி’ அல்லது ‘ஜாவா பிளாட்ஃபார்ம்’ என்ற பெயரில்தான் இருக்கும். வேறு ஏதாவது ஜாவா நிரலும் ஓடினால் எது எதுவென்று தெரியாது. ஜேடிகே (நிரல் எழுதுகிறவர்களுக்கான முழு ஜாவாத் தொகுப்பு) போட்டிருந்தால் கறுப்புத் திரையில் ‘ஜேபிஎஸ், இடம், ஹைஃபன் எல்’ என்று அடியுங்கள். ஓடும் ஒவ்வொரு ஜாவாவின் எண்ணும், அது எந்த ஜார் என்பதும் வரிசையாக வரும். கணக்கெடுக்க வந்தவர் தன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்வது போல ஜேபிஎஸ் தன் பெயரையும் பட்டியலில் போடும், அதை விட்டுவிடுங்கள்.

எண் கிடைத்ததும், ‘டாஸ்க்கில், சாய்கோடு பிஐடி, எண்’. இது ‘மூடிக்கொள்ளப்பா’ என்று சொல்லிப் பார்ப்பது. சேமிக்கும் பெட்டி வர வாய்ப்பு இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால்தான் பின்னால் ‘சாய்கோடு எஃப்’ சேர்ப்பது. லினக்ஸில் ‘கில், எண்’. அதற்கும் போகாவிட்டால் ‘கில், ஹைஃபன் 9, எண்’. லாஜிசிம் விஷயத்தில் லினக்ஸின் இரண்டும் சேமிக்கவா என்று கேட்காது, ஆனாலும் முதலாவதில் ஜாவா தன் சாமானை ஒழுங்குபடுத்திவிட்டுப் போகும். எடுத்தவுடனே 9 போடுகிற பிள்ளைகளை நான் திட்டுவேன். மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டினால் பட்டியல் வரும். தேர்ந்தெடுத்து ‘ஃபோர்ஸ் க்விட்’.

திறந்ததும் மெனு எல்லாம் கிரேக்க எழுத்தில் இருக்கிறதா? அது தொங்கல் இல்லை, முந்தைய பேட்ச் பையன் வேலை. லாஜிசிமில் கிரேக்கமும் ரஷ்யனும் உண்டு (தமிழ் இல்லை, அது வேறு வருத்தம்). நிரலை மூடிவிட்டு, வழக்கமான கட்டளையின் கடைசியில் ‘இடம், ஹைஃபன் கிளியர்பிரெஃப்ஸ்’ சேர்த்து ஓட்டுங்கள். 2.7.1இல் எல்லா அமைப்பும் பழையபடி வந்துவிடும்.

ஜன்னலே இல்லாமல்

இது ஆசிரியர்களுக்கு. 60 பேரின் ஃபுல் ஆடர் (மூன்று பிட்டைக் கூட்டும் சர்க்யூட்) கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எட்டு நிலையையும் தட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவது ஒரு நாள் வேலை. 2.7.1இல் வழக்கமான கட்டளையோடு மாணவரின் சர்க்யூட் கோப்பின் பெயரையும், அதற்குப் பின் ‘ஹைஃபன் டிடிஒய் (இரண்டும் ‘டைகர்’ டி), இடம், டேபிள்’ என்பதையும் சேர்த்தால் ஜன்னல் திறக்காமலே வெளியீடுகளை டெர்மினலில் அட்டவணையாக அச்சடிக்கும். எவல்யூஷனில் இந்தக் கட்டளைகளின் வடிவம் மாறியிருக்கிறது. ‘ஹைஃபன் ஹைஃபன் ஹெல்ப்’ போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தில் ஓடும் சர்க்யூட்டை இப்படி ஓட்டினால் அது தானாக நிற்காது, அச்சடித்துக்கொண்டே போகும். நிற்க வேண்டுமென்றால் வரையும்போதே ஒரு வெளியீட்டுப் பின்னுக்கு ‘ஹால்ட்’ என்று பெயர் வைக்க வேண்டும். அந்தப் பின் 1 ஆனதும் நிரல் முடிந்துவிடும். பெயர் வைக்க மறந்தால் இருக்கவே இருக்கிறது கண்ட்ரோல் சி.

சாயங்காலம் நாலே முக்காலுக்குப் பிள்ளைகள் போன பிறகு நான் வரிசையாக நடப்பேன். திரை அணைந்திருந்தாலும் மின்விசிறி இரைகிற கணினிக்கு முன் நிற்பேன். அநேகமாக 17ஆம் எண்ணாக இருக்கும், ஜன்னலோர இடம், யாரும் பின்னால் நின்று பார்க்க முடியாது. திரையை எழுப்பி, ஜேபிஎஸ் அடித்து, ஓடுவது யாருடைய சர்க்யூட் என்று பார்ப்பேன். சேமிக்காதது ஏதாவது இருந்தால் தேதி போட்டுச் சேமித்து வைப்பேன், ராம் இருந்தால் அதன் இமேஜையும் சேர்த்து. கடிகாரத்தை நிறுத்தி, கண்ட்ரோல் க்யூ தட்டி, ஜேபிஎஸ் இன்னொரு முறை. அதன் சொந்தப் பெயர் மட்டும் வந்தால் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு லேபைப் பூட்டுவேன்.